இருபத்தைந்து வருஷ வெயில்

1

இந்தக் கதை எங்கே பிறந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஒரு தட்டு எலுமிச்சைக் கேக்கில் பிறந்தது. பக்கத்து வீட்டு லவோன் டோல்ஃப்ஸ்ருட் போன ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலிருந்து வந்த கையோடு, கோட்டைக்கூடக் கழற்றாமல் என் வாசலில் வந்து நின்றாள். தட்டின் மேல் அலுமினியத் தாள், தட்டுக்கு அடியில் மூன்று விளம்பரத் தாள்.

"வேல், உனக்கு நேரமில்லன்னா பரவால்ல. நெஜமாவே பரவால்ல. இந்தக் கேக்கு மிஞ்சிப்போச்சு, அதான்."

ஒன்றும் மிஞ்சவில்லை. ஒரு துண்டுகூடக் குறையாமல் தட்டு முழுசாக இருந்தது. மினசோட்டாவின் இந்த ஹெக்லண்ட் ஊரில் இருபத்திரண்டு வருஷமாகக் குடியிருக்கிறேன். இங்கே ஒருவர் மிஞ்சிப்போச்சு என்று எதையாவது கொண்டுவந்தால், அதற்கென்றே விடியற்காலையில் எழுந்து செய்திருக்கிறார் என்று அர்த்தம். தட்டை வாங்கிக்கொண்டேன். தட்டை வாங்கினால் அடியில் இருப்பதையும் வாங்கத்தானே வேண்டும்.

"இந்த சோலார் தோட்டம்னு சொல்றாங்கல்ல, அதுல மூணு பேரு மூணு விதமா குடுத்திருக்காங்க. எது நல்லதுன்னு பாத்துச் சொல்லேன். நீங்கல்லாம் கணக்குல புலியாச்சே."

நாங்களெல்லாம்! நான் பத்தாம் வகுப்புக் கணக்கில் இரண்டு முறை கோட்டைவிட்டவன். பிழைப்புக்கு மெயின் தெரு மருந்துக்கடையில் மாத்திரை எண்ணுகிறேன். அதையும் இப்போது மெஷின்தான் எண்ணுகிறது, நான் மெஷினைப் பார்த்துக்கொள்கிறேன். ஆனாலும் நூற்று நாற்பது கோடிப் பேரின் மானம் என் வாசலில் வந்து நிற்கும்போது என்ன செய்ய? மூக்குக்கண்ணாடியைத் தேடினேன்.

2

ஆரம்பத்தை எழுதிப் பார்த்தேன்.

"கிழக்கு வெளுத்தது. ஆதவன் தன் பொற்கதிர்களை" — வேண்டாம். சோலார் கதையைச் சூரிய உதயத்தில் தொடங்குகிறவனை வாசகர் அடிக்கலாம். கம்பு நானே எடுத்துத் தருகிறேன்.

"பூமி சூடாகிக்கொண்டிருக்கும் இன்றைய காலகட்டத்தில்" — மார்ச் கடைசியிலும் வண்டிக் கண்ணாடியில் பனியைச் சுரண்டிக்கொண்டிருப்பவன் இதை எழுதினால் கை நடுங்கும். குளிரால்.

"அந்த மூன்று தாள்களையும் மேசையில் பரப்பியபோது லவோனுக்குத் தெரியாது, தன் வாழ்க்கையே" — அவளுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் பரப்பினாள்.

சரி, ஆரம்பம் கிடக்கட்டும். விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன்.

சோலார் தோட்டம் என்று பெயர்தானே தவிர, அதில் ஒரு கத்தரிக்காய்கூடக் காய்க்காது. ஊருக்கு வெளியே யாருடைய சோள வயலிலோ வரிசை வரிசையாகக் கண்ணாடிப் பலகை நிற்கும். அதில் உங்களுக்கு ஒரு பங்கு. உங்கள் கூரையில் ஆணிகூட அடிக்க வேண்டாம். (லவோன் வீட்டுக் கூரையில் அடித்தும் பிரயோஜனமில்லை. தெற்கு வெயில் முழுவதையும் ஒரு கிழட்டு ஓக் மரம் குடித்துவிடுகிறது.) வேறொருவர் தொழுவத்தில் நிற்கிற பசுவில் உங்களுக்குப் பங்கு என்று வைத்துக்கொள்ளுங்களேன். பால் உங்கள் வீட்டுக்கு வராது, நேரே சொசைட்டிக்குப் போகும். சொசைட்டி உங்கள் கணக்கில் வரவு வைக்கும். அந்த வரவைவிடக் கொஞ்சம் குறைவாக நீங்கள் பசுக்காரருக்குக் கொடுப்பீர்கள். அந்தக் கொஞ்சம்தான் உங்கள் லாபம். சொசைட்டி என்றது மின்சாரக் கம்பெனியை. மாதம் ஒரு பில் வந்த இடத்தில் இரண்டு வரும், பயப்பட வேண்டாம், இரண்டையும் கூட்டினால் பழைய ஒன்றைவிடக் குறைவு. இவ்வளவுதான் சங்கதி. இதைச் சொல்ல அவர்களுக்குப் பதினெட்டுப் பக்கம் தேவைப்படுகிறது.

3

கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு மூன்றையும் படித்தேன்.

ஒன்று, போன ஆகஸ்டில் மாவட்டச் சந்தையில் வாங்கியது. பொரித்த சீஸ் விற்கும் கடைக்கும் பன்றிக் கொட்டகைக்கும் நடுவில் கூடாரம் போட்டிருந்தார்கள். முதல் வருஷம் கொழுத்த தள்ளுபடி, எப்போது வேண்டுமானாலும் கழன்றுகொள்ளலாம். ஆனால் பங்கின் விலை வருஷா வருஷம் ஏறும். கம்பெனி வைக்கும் வரவும் கூடவே ஏறுமா என்று கேட்டால் தாள் வாயைத் திறக்கவில்லை. அது ஏறாவிட்டால் சில வருஷத்தில் லாபம் நம் பக்கத்திலிருந்து பசுக்காரர் பக்கம் போய்விடும். அடுத்தது லூத்தரன் சர்ச்சினுடையது. சர்ச் கூரையிலேயே பலகை. பணம் முழுவதையும் முன்னாலேயே கட்டிவிட வேண்டும், நடுவில் விலகினால் பங்கு சர்ச்சுக்குக் காணிக்கை. கடவுளிடமிருந்து பாக்கியைத் திருப்பி வாங்கும் வழி எந்தப் பக்கத்திலும் இல்லை.

மூன்றாவது, ட்ரென்ட் என்கிற விற்பனைக்காரன் வாசலில் வந்து கொடுத்தது. தள்ளுபடியை வரவிலிருந்தே கழிக்கிறார்கள், வரவு ஏறினாலும் இறங்கினாலும் நமக்கு நஷ்டமில்லை. பங்கும் போன வருஷம் வீட்டில் எரிந்த மின்சாரத்துக்கு அளவாகப் போட்டிருந்தது. கணக்கு மட்டும் பார்த்தால் இதற்கு ஈடில்லை. ஆனால் இருபத்தைந்து வருஷ ஒப்பந்தம். வீடு மாறினால் இதே மின்சாரக் கம்பெனியின் எல்லைக்குள் பங்கு கூடவே வரும். எல்லை தாண்டினால் விலகல் கட்டணம், தலை சுற்றும் அளவுக்கு.

லவோன் மூன்று பேரிடமும் ஒரே கேள்விதான் கேட்டிருக்கிறாள். தள்ளுபடி பற்றி அல்ல. சந்தைக் கூடாரத்தில் கையில் பொரித்த சீஸ் பொட்டலத்தோடு நின்று, சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"எனக்குத் தெரிஞ்சவங்க ஒருத்தங்க. அவங்க ஒருவேள வீட்ட வித்துட்டு வேற ஊருக்குப் போனாங்கன்னா?"

"எந்த ஊருக்கும்மா?" என்றாள் கூடாரத்துப் பெண்.

"துலூத்னு வெச்சுக்கயேன். சும்மா ஒரு பேச்சுக்கு."

துலூத் வடக்கே, பெரிய ஏரியின் கரையில். அங்கே மின்சாரம் வேறு கம்பெனி. லவோனுக்கு அங்கே மாடியில் இரண்டு அறை வேண்டும். புல் வெட்ட வேண்டாம், பனி வார வேண்டாம். ஜன்னலருகே உட்கார்ந்தால் இரும்புத் தாது ஏற்றிய கப்பல்கள் பாலத்துக்கு அடியில் நுழைவது தெரிய வேண்டும். முப்பது வருஷம் இந்த ஊரில் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவள். ஏதாவது பெரிய வண்டியை இனி வேறு யாராவது ஓட்டட்டும், தான் காலை நீட்டிக்கொண்டு பார்க்க வேண்டும், அவ்வளவுதான் அவள் ஆசை. என்னிடமே அதைப் பாதிதான் சொன்னாள், மீதியைக் கேக்குக்கு நான் நன்றி சொல்லும்போது மென்று முழுங்கிவிட்டாள். கணவன் ஆரினிடம் ஒரு வார்த்தையும் சொன்னதில்லை.

ஆகவே வாசகரே, தள்ளுபடியை மறந்துவிடுங்கள். பணயத்தில் இருப்பது அந்த ஜன்னல்.

4

ஆரினை* எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. முதலில் பிடிவாதக்காரனாக எழுதினேன். "இந்த வீட்டை விட்டு என் பிணம்தான்" — அடித்துவிட்டேன், அவன் வாழ்நாளில் இவ்வளவு நீளமாகப் பேசியதில்லை. அப்புறம் மனைவி மனதை அறிந்த உத்தமனாக எழுதினேன். அந்த ஆரினை எனக்கே பிடிக்கவில்லை. நிஜ ஆரின் தானியக் கிடங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். லவோனுக்கு முட்டி ஆபரேஷன் ஆனபோது மூன்று மாதம் அவள் கால் நகத்தை வெட்டிவிட்டவன். அதைப் பற்றி யாராவது பேசினால் எழுந்து போய்விடுவான்.

* அறுபத்தொன்பது வயதுக்காரரை அவன் என்று எழுதக் கை கூசத்தான் செய்கிறது. ஆனால் இங்கே பாதிரியாரையே பேர் சொல்லித்தான் கூப்பிடுகிறோம். மரியாதை போட்டு எழுதிப் பார்த்தேன், ஆரின் வேறு யாரோ தாசில்தார் ஆகிவிட்டான்.

திங்கட்கிழமை சாயங்காலம் அவர்கள் சமையலறை மேசையில் மூன்று பேரும் உட்கார்ந்தோம்.

"என்னப்பா சொல்ற வேல்?" என்றான் ஆரின்.

"கணக்குப்படி ட்ரென்ட் குடுத்ததுதான் நல்லது. ஆனா இருபத்தஞ்சு வருஷம். அதையும் யோசிக்கணும்."

"ஆமா, அது ஒண்ணு இருக்கு."

"இருக்குல்ல," என்றாள் லவோன்.

ஆரின் மூன்று தாளையும் சேர்த்து மேசையில் தட்டி அடுக்கினான்.

"நமக்கென்ன, நாம எங்க போகப்போறோம்," என்று ஆரின் சொன்னான். சொல்லிவிட்டு லவோனைப் பார்த்தான்.

"ஆமா, எங்க போகப்போறோம்," என்றாள் லவோன். சொல்லிவிட்டு உப்பு டப்பாவைப் பார்த்தாள்.

[இந்த இடத்தில் ஆசிரியன் ஆரின் தலைக்குள் நுழைந்து பார்த்து உங்களிடம் சொல்ல வேண்டும். தட்டிப் பார்த்தேன், திறக்கவில்லை.]

5

செவ்வாய் சாயங்காலம் ட்ரென்ட் வந்தான். நாற்பது வயது, டெக்சஸ்காரன், கம்பெனி இந்தப் பக்கம் அனுப்பி இரண்டு மாதம்தான் ஆகிறது. அவனை வில்லனாக்க எவ்வளவோ முயன்றேன், மீசை ஒட்டவில்லை. நல்ல மனுஷன். சாப்பாட்டு நேரத்தில் வந்தவனை வாசலில் நிறுத்துவது இங்கே வழக்கமில்லை என்பதால் உட்கார வைத்து ஹாட்டிஷ் பரிமாறினார்கள். கொத்துக்கறியும் காளான் சூப்பும் அடியில், முறுகிய உருளைக்கிழங்கு உருண்டைகள் மேலே. அவன் இரண்டாம் முறையும் வாங்கிச் சாப்பிட்டான்.

வந்தவரைக் கிளம்பு என்று சொல்வதும் இங்கே வழக்கமில்லை. வீட்டுக்காரர் இரண்டு கையாலும் தன் தொடையைத் தட்டி "சரி அப்போ" என்பார். வந்தவர் எழுந்திருப்பார். கதவருகே நின்று கொஞ்சம் வானிலை பேசுவார்கள், வண்டியருகே நின்று இன்னும் கொஞ்சம். அப்புறம்தான் வண்டி நகரும். தொட்டில் குழந்தைக்குக்கூட இந்த ஊரில் இது தெரியும்.

ஆரின் தொடையைத் தட்டினான். "சரி அப்போ."

ட்ரென்ட் அசையவில்லை. "சார், அப்போ எழுதிரலாமா?"

"யோசிச்சுச் சொல்றோம்ப்பா."

"தாராளமா யோசிங்க சார். நான் காத்துட்டிருக்கேன்." காப்பிக் குவளையை நீட்டினான். லவோன் ஊற்றினாள். ஊற்றாமல் எப்படி இருப்பது?

ஆரின் மறுபடி தட்டினான். அதற்குப் பிறகும் தட்டினான். தொடை கன்றிப்போயிருக்கும். வெளியே தூறிக்கொண்டிருந்தது பனிக்கட்டித் தூறலாக மாறி ஜன்னலில் சடசடத்தது.

"நீ எதுவரைக்கும் போகணும்?" என்று ஆரின் கேட்டான்.

"மினியாபொலிஸ் சார்."

"டயரு?"

"கம்பெனி வண்டிதானே சார். சாதா டயரு."

ஆரின் முகம் மாறிவிட்டது. பனிக்கட்டி படிந்த ரோட்டில் சாதா டயர் நிற்காது, வழுக்கிக்கொண்டு போகும். விடுவிடுவென்று எழுந்து அவனை வெளியே கூட்டிக்கொண்டு போனான், வண்டியைப் பார்த்தாலாவது ஆள் கிளம்புவான் என்று. ட்ரென்ட் வண்டிக் கதவில் சாய்ந்துகொண்டு கையிலிருந்த கணினித் திரையில் இன்னொரு பக்கத்தை விளக்க ஆரம்பித்தான். காலடியில் பாதை கண்ணாடியாகிக்கொண்டிருந்தது. "ஒரே ஒரு கையெழுத்து சார், நான் போயிட்டே இருப்பேன்" என்று அவன் சொன்னதுதான் தாமதம், ஆரின் விரலால் கிறுக்கிவிட்டான். இருபத்தைந்து வருஷம். ஒரு டெக்சஸ்காரன் பள்ளத்தில் விழாமல் வீடு போய்ச் சேர வேண்டும் என்பதற்காக.

சமையலறை ஜன்னலிலிருந்து லவோன் பார்த்தது வேறு. கோட்டுகூடப் போடாமல், தலையில் பனிக்கட்டி விழ விழ, தெருவுக்கு ஓடிப்போய்க் கையெழுத்துப் போடும் கணவனைப் பார்த்தாள். நாற்பத்தொரு வருஷத்தில் இந்த மனுஷன் எதற்கும் இப்படிப் பறந்ததில்லை, கல்யாணத்துக்குக்கூட. இந்த வீட்டின் மேல் இவ்வளவு உயிரா என்று நினைத்தாள். துலூத் அந்த இடத்திலேயே செத்துப்போயிற்று.

உள்ளே வந்தவனிடம் துண்டை நீட்டினாள். "போட்டாச்சா?"

"போட்டாச்சு."

"நல்லதாப் போச்சு."

"உனக்கு சந்தோஷந்தானே?"

"எனக்கென்ன. சந்தோஷந்தான்."

6

நான் அங்கே இல்லாதபோது நடந்ததெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்று நீங்கள் கேட்பீர்கள். இரண்டு பேரும் தனித்தனியே வந்து சொன்னார்கள். அங்கேதான் வினையே.

புதன்கிழமை ஆரின் என் கேரேஜுக்கு ஸ்பேனர் இரவல் கேட்டு வந்தான். அவனிடம் ஸ்பேனர் கடையே இருக்கிறது.

"அந்த ஆளு பள்ளத்துல விழுந்து கெடப்பான் வேல். அதான் போட்டுட்டேன்."

"அதுக்காக இருபத்தஞ்சு வருஷமா?"

"வேற எப்படி அவனக் கெளப்பறது?" ஸ்பேனரை இப்படியும் அப்படியும் திருப்பினான். "எனக்கு இந்த வீடு அலுத்துப்போச்சுப்பா. ஏணில ஏறினா முட்டி நடுங்குது. எங்கயாவது ரெண்டு ரூம்பு, பக்கத்துல மீன் புடிக்கத் தண்ணி, போதும். ஆனா அவளுக்கு இந்த வீடுன்னா உசுரு. சமையக்கட்டுச் சுவத்துக்கு மூணு தடவ அவளே காகிதம் ஒட்டினா."

"அவகிட்டயே கேட்டிருக்கலாமே?"

"கேட்டேனே. நீயுந்தான இருந்த? 'எங்க போகப்போறோம்'னேன். அவளும் 'எங்க போகப்போறோம்'னுட்டா."

அதுதான் அவன் கேட்ட லட்சணம்! நான் சொல்ல வேண்டியது என் நாக்கு நுனியில் நின்றது. "அப்படியா," என்றேன். "சரிதான்." ஸ்பேனரைக் கொடுத்தேன்.

வியாழக்கிழமை லவோன் ரத்த அழுத்த மாத்திரைக்கு மருந்துக்கடைக்கு வந்தாள்.

"அந்த ஒப்பந்தம் முடியறப்போ அவனுக்குத் தொண்ணூத்தி நாலு. எனக்குத் தொண்ணூத்தி ஒண்ணு," என்று சிரித்தாள்.

"துலூத் பத்தி அவன்கிட்ட நீ—"

"ஐயோ, அது சும்மா ஒரு நெனப்பு. கோட்டுகூடப் போடாம எப்படி ஓடினான் தெரியுமா? அவ்வளவு ஆசையா இருக்கறவன்கிட்டப் போய் நான் அதச் சொல்லுவனா? ராத்திரி குளியலறைல குழாயத் தெறந்து விட்டுக் கொஞ்ச நேரம் உக்காந்திருந்தேன். தண்ணி பில்லுதான் ஏறும், அவ்வளவுதான்."

இந்த ஊர்ப் பெண்கள் அழுததை இப்படித்தான் சொல்வார்கள்.

"அப்படியா," என்றேன். "சரிதான்." மாத்திரையைப் பையில் போட்டுக் கொடுத்தேன்.

நான் பிறந்த ஊரில் இப்படியா இருந்தேன்? அங்கே கேட்காத விஷயத்துக்கே கருத்துச் சொல்வோம். இந்நேரம் மதில் மேல் ஏறி நின்று, யோவ், உன் பொண்டாட்டி மனசுல என்ன இருக்குன்னு தெரியுமாய்யா என்று தெரு கேட்கக் கத்தியிருப்பேன். இருபத்திரண்டு வருஷக் குளிர் என்னை எப்படி ஆக்கி வைத்திருக்கிறது பாருங்கள்.

(ஒப்பந்தத்தில் ஒரு வழி உண்டு. மூன்று வேலை நாளுக்குள் கையெழுத்துப் போட்டவரே கம்பெனியைக் கூப்பிட்டு வேண்டாம் என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது, காரணம்கூடக் கேட்க மாட்டார்கள். திங்கட்கிழமை மேசையிலேயே இதை இருவருக்கும் வாசித்துக் காட்டினேன். இருவரும் "ஓகோ" என்றார்கள். இன்று வெள்ளிக்கிழமை, மூன்றாவது நாள். ஐந்து மணிவரை போன் எடுப்பார்கள்.)

7

முடிவுகள் கைவசம் சில உண்டு.

லவோன் மேசையை ஓங்கித் தட்டி "எனக்கு வேண்டாம்!" என்று முழங்குகிறாள். நீங்கள் கைதட்டுவீர்கள். ஆனால் இவள், பல் டாக்டர் தப்பான பல்லைப் பிடுங்கியபோதும் நன்றி சொல்லிவிட்டு வந்தவள், முழங்குவதற்கு எங்கே போவாள்?

அல்லது ட்ரென்ட் மனசாட்சி உறுத்தித் தூக்கம் வராமல் புரண்டு, தானே ஒப்பந்தத்தைக் கிழித்து — கமிஷன் வந்தவனுக்குத் தூக்கம் வராமல் என்ன? விடுங்கள்.

அல்லது யாரும் எதுவும் செய்வதில்லை. சோலார் தோட்டம் ஒழுங்காக வேலை செய்கிறது, மாதா மாதம் பில் குறைகிறது, என் கணக்கு ஜெயிக்கிறது. அவனுக்குப் பிடித்த வீடு என்று அவளும், அவளுக்குப் பிடித்த வீடு என்று அவனும், இரண்டு பேருக்கும் பிடிக்காத வீட்டில் பனி வாரிக்கொண்டு கிழடாகிறார்கள். பத்திரிகைக்காரர்களுக்கு இது ரொம்பப் பிடிக்கும். எழுதியும் பார்த்தேன். பாதியில் எனக்கே தாங்காமல் —

இப்போது நாலரை. என் ஜன்னலிலிருந்து அவர்கள் சமையலறை தெரிகிறது. லவோன் ஏதோ நறுக்குகிறாள், ஆரின் செய்தித்தாளைப் பிடித்துக்கொண்டிருக்கிறான், ரொம்ப நேரமாகப் பக்கம் திருப்பவில்லை. மதியத்திலிருந்து நான் ஏன் இந்தக் கதையை எழுதிக்கொண்டிருக்கிறேன் என்று இந்நேரம் உங்களுக்குப் புரிந்திருக்கும். ஒரு புல்வெளியைத் தாண்டிப் போய் இரண்டு வாக்கியம் சொல்லக் கூச்சப்பட்டுக்கொண்டு, பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். அதுவும் அவர்கள் இருவருக்கும் படிக்கத் தெரியாத பாஷையில்.

அந்த இரண்டு வாக்கியம் இதுதான். "ஆரின், அவளுக்குத் துலூத் போகணுமாம். லவோன், அவனுக்கும் இந்த வீடு அலுத்துப்போச்சாம்." கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார்த்தேன். காது கூசியது. இந்தத் தெருவில் ஒருவர் இன்னொருவரைப் பற்றி இவ்வளவு பச்சையாகப் பேசியதாகச் சரித்திரமே இல்லை. இரண்டு பேரும் ஒரே குரலில் "ஐயையோ, அதெல்லாம் இல்லவே இல்ல" என்று சொல்லிவிட்டால்? அதன் பிறகு என் முகத்தில் யார் விழிப்பார்கள்?

அதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. கதவைத் தட்டினால் லவோன்தான் திறப்பாள். திறந்ததும் "உள்ள வா, காப்பி போடறேன்" என்பாள். நான் வேண்டாம் வேண்டாம் என்பேன், அவள் இன்னொரு தரம் சொல்வாள், நான் உட்கார்ந்துவிடுவேன். அப்புறம் தூறலைப் பற்றிப் பேசுவோம், ரோட்டைப் பற்றிப் பேசுவோம், ஆரின் ஸ்பேனருக்கு நன்றி சொல்வான். மூன்று பேரும் மிக நாகரிகமாகச் சிரித்துக்கொண்டிருக்கும்போது சுவர்க்கடிகாரத்தில் ஐந்து அடித்துவிடும்.

பூட்ஸை மாட்டிவிட்டேன். பேனாவை வைக்கப்போகிறேன். முடிவை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்: நான் சொன்னேனா, ஆரின் போனை எடுத்தானா, அந்த ஜன்னலில் கப்பல் வந்ததா, எல்லாம் உங்கள் இஷ்டம். கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன், அவளைக் காப்பி போட மட்டும் விடாதீர்கள்.